வெறுங்கட்டம்

ஒன்பது ஐம்பதுக்கு விடியும் என்று போட்டிருந்தது.
விடிந்ததா என்று கேட்டால்
கறுப்பில் யாரோ கொஞ்சம் பால் ஊற்றினார்கள்,
அவ்வளவுதான்.
மைனஸ் பத்தொன்பது.
பேனா உறைந்துவிடும் என்பதால் பென்சில்.
அதைப் பிடிக்கும் இரண்டு விரலுக்காக
கையுறையில் இரண்டு ஓட்டை.

தெர்ஹி ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்
நாள் முழுக்க ரத்த அணுக்களை எண்ணுகிறவள்.
நான் பேருந்து ஓட்டுகிறவன்,
ஏறியவர்களில் இறங்கியவர்களைக் கழிப்பவன்.
விடுமுறையிலும் இதுதானா என்று
அவள் மகன் கேட்டானாம்.
பதில் சொல்லாமல் காப்பியைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு
வந்துவிட்டாள்.

கயானியின் வடக்கு ஓரம், ஏழாம் பாதை, பதினோரு கிலோமீட்டர்.
போன டிசம்பரில் நடந்த அதே பாதை,
அதற்கு முந்தைய டிசம்பரிலும் அதே.
பறவை இருக்கிற இடத்துக்கு நாங்கள் போகக்கூடாது.
பாதை போகிற இடத்தில்
பறவை இருந்தால் உண்டு.

முதல் வீட்டில் பட்டாணிக்குருவி பதினொன்று.
நீலச்சிட்டு நான்கு.
மேக்பை இரண்டு, ஒரு கொழுப்பு உருண்டைக்காகச்
சொத்துத் தகராறில்.
இங்கே எழும்பியது அங்கே போய் உட்கார்ந்தால்
மறுபடி எண்ணாதே, என்கிறாள் தெர்ஹி
வருஷா வருஷம்,
ஏதோ நான்தான் அவற்றைப் பறக்கவிடுவதுபோல.

மூன்றாவது வீட்டின் சமையலறை ஜன்னலை நோக்கி
இருநோக்கியைத் திருப்பியதும்
குளியல் அங்கியோடு ஓர் ஆள் வெளியே வந்தார்.
என்ன பார்க்கிறீர்கள்?
தீவனப் பெட்டியை.
கோபம் பாதியில் நின்றது.
ரெய்யோ என்று பெயர் சொன்னார்.
கராஜ் அடியில் ஒரு கரும்பூங்குருவி இருக்கிறது,
ஒற்றைக்கால், தெற்கே போகாமல் தங்கிவிட்டது,
தினமும் ஆப்பிள் வெட்டி வைக்கிறேன், அதையும் எழுதுங்கள்.
நின்றோம்.
அவர் கால் சிவக்கச் சிவக்க அவரும் நின்றார்.
இருபது நிமிடம்.
ஆப்பிள் துண்டின் மேல் பனி படிந்தது.
கண்ணில் படாததை எழுத முடியாது என்று
தெர்ஹிதான் சொன்னாள்.
நேற்றுகூட வந்ததே, என்றார்,
எங்களிடம் இல்லை,
கராஜைப் பார்த்து.

பேருந்து நிறுத்தத்து ரோவன் மரத்தில் மெழுகுச்சிறகுகள்.
உறைந்து உருகிப் புளித்த பழம்;
தின்றவை கிளையிலேயே தள்ளாடின.
அவள் நூற்றுப் பதினேழு என்றாள்.
நான் நூற்றுப் பத்து.
யாரோ கார் கதவைச் சாத்த
மரமே எழுந்து போய்விட்டது.
நூற்றுப் பதின்மூன்று என்று எழுதினோம்.
அந்த எண்ணை
நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

பிறகு லாயம்.
போன வருஷம் இங்கே மஞ்சள்தலைக் குருவிகள் நாற்பத்து மூன்று.
குதிரை சிந்தும் ஓட்ஸ் மணிக்கு
வைக்கோலே எழுந்து நடப்பதுபோல் வரும்.
செப்டம்பரில் குதிரைகளை விற்றுவிட்டார்களாம்.
தீவனத் தொட்டி கவிழ்ந்து கிடந்தது.
முற்றத்துப் பனியில் ஒரு தடம் இல்லை.
எங்கள் தடத்தைப் போடவே கூச்சமாக இருந்தது.
பத்து நிமிடம் நின்றோம்.
இன்னும் ஐந்து என்றேன்.
மூச்சு மட்டும் புகைந்தது.

இரண்டு மணிக்குள் வெளிச்சம் கையைவிட்டுப் போனது.
காருக்குள் படிவத்தை மடியில் விரித்தேன்.
அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிடலாமே என்றேன்.
வெறுங்கட்டம் என்றால்
இங்கே யாரும் வரவில்லை என்று அர்த்தம், என்றாள்.
நாம் வந்தோம்.

பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு
நாற்பத்து மூன்றுக்கு நேர் கீழே
ஒரு முட்டை போட்டேன்.
சின்னது.
அவள் குனிந்து பார்த்தாள்.
அழுத்திப் போடு, என்றாள், அழிந்துவிடும்.

அப்புறம் கார் கிளம்பவில்லை.
பேட்டரியோடு ஒருவன் வருவதாகச் சொல்லியிருந்தான்.
இருட்டில் காட்டுப்பக்கமிருந்து ஓர் ஆந்தை,
ஒரே தடவை.
எண்ணும் நேரம் எப்போதோ முடிந்திருந்தது.
ஒருவரையொருவர் பார்க்காமல்
ஆளுக்கொரு விரல் மடக்கினோம்,
கையுறைக்குள்.